எழுதியவர் பேசக் கூடாது

எங்கள் பல்கலைக்கழக இலக்கியத் துறையில் ஒரு சட்டம் உண்டு. ஒருவர் எழுதியதைப் பற்றி மற்றவர்கள் பேசும்போது எழுதியவர் வாயைத் திறக்கக் கூடாது. அவர் அங்கே இல்லாத மாதிரியே பேச வேண்டும். 'நீங்கள்' என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லக் கூடாது. 'ஆசிரியர்' என்றுதான் சொல்ல வேண்டும். எல்லாரும் பேசி முடித்த பிறகு அவருக்கு ஐந்து நிமிடம். படைப்பெழுத்து வகுப்பில் மாணவர்களுக்கு வைத்த இந்தச் சட்டத்தை எங்களுக்கும் சேர்த்து வைத்தவர் துறைத்தலைவர் கிராஃபர்ட் லயல். சட்டம் என்றால் அந்த மனுஷனுக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

இதை மதிக்காத ஒரே ஆள் இஷ்பெல் ரென்னி. ஸ்காட்லாந்து இலக்கியம் நடத்துகிறவள், இருபது வருஷமாக என் பக்கத்து அறைக்காரி. ஊர்ப் பேச்சுமொழியில் அவள் எழுதுவதில் யாராவது கை வைத்தால் மேஜையைத் தட்டிக்கொண்டு, "அட போய்யா, உங்க அம்மா வீட்ல எப்படிப் பேசினாங்கன்னு மறந்துபோச்சா?" என்று எகிறுவாள். மாணவர்களுக்கு அவள்மேல் கொள்ளை ஆசை. கிராஃபர்டுக்கு அவளைக் கண்டாலே வேப்பங்காய்.

அந்த மார்ச்சில் துறையில் ஓர் ஆளைக் குறைக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்தது. ஸ்காட்லாந்திலேயே ஸ்காட்லாந்து இலக்கியத்துக்கு வாத்தியார் வேண்டாமாம். வயிறு எரியாதா? கிராஃபர்ட் ஒரு வழி சொன்னார். இஷ்பெல் எழுதிவரும் நாவலைப் புதன்கிழமைக் கூட்டத்தில் பார்ப்போம், தேறினால் அவளை வைத்துக்கொள்ளச் சொல்லிப் பரிந்துரைப்பேன் என்றார். அவளுக்கு வயது ஐம்பத்தெட்டு. இது போனால் வேறு வேலை கிடையாது.

அந்தப் புதன்கிழமை மதியம் கேன்டீனில் பருப்பு சூப்பைக் கிண்டிக்கொண்டே சொன்னாள்: "ஷோனா, இன்னிக்குப் பாருடி. வாயைப் பூட்டி சாவியைக் கடல்ல எறிஞ்சிட்டேன்."

"நீயா? நடக்கிற கதையைப் பேசு."

"பந்தயம். ஒரு வார்த்தை நடுவுல பேசினேன்னா உனக்கு ஒரு பாட்டில் விஸ்கி."

"நல்ல விஸ்கியா?"

"உன் மூஞ்சிக்கு எது வாங்கினாலும் நல்ல விஸ்கிதான்." சிரித்துவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். "காலையிலேர்ந்து மண்டை இடிக்குது. இந்தக் கூட்டம் முடிஞ்சாத்தான் சரியாகும்."

கூட்ட அறை ஜன்னலுக்கு வெளியே கடலிலிருந்து பனிமூட்டம் ஏறிக்கொண்டிருந்தது. மேஜையைச் சுற்றி ஐந்து பேர். இஷ்பெல் இரண்டு பக்கம் படித்தாள். மூடப்போகும் மீன் ஆலைக்குள் பெண்கள் கதவைத் தாழிட்டுக்கொண்டு வெளியேற மறுக்கும் இடம். கடைசி வரிகளில் கொஞ்சம் தடுமாறினாள். பதற்றம் என்று நினைத்துக்கொண்டேன்.

முதலில் ரோரி ஆரம்பித்தான். போன வருஷம் வேலைக்கு வந்த பையன். "ஆசிரியர் இந்தப் பொம்பளைங்களை ரொம்பப் பேச விடறாங்கன்னு எனக்குத் தோணுது."

"அதோட இந்தப் பேச்சுமொழி லண்டன்ல எவனுக்கும் புரியாது," என்றார் கிராஃபர்ட். "ஆசிரியர் கொஞ்சம் இறங்கி வரணும்."

இதோ குதிக்கப் போகிறாள் என்று பார்த்தேன். குதிக்கவில்லை. வலது கையிலிருந்து பென்சில் நழுவியது. ரோரி எடுத்துக் கொடுத்தான். மறுபடி விழுந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது, ஐயோ! சமத்துப்பெண், வேலையைக் காப்பாற்றிக்கொள்வாள் என்று கண்ணடித்தேன். அவள் திருப்பிக் கண்ணடிக்கவில்லை. ஆசிரியர் இப்படி, ஆசிரியர் அப்படி என்று முக்கால் மணி நேரம் அலசினோம்.

"நன்றி," என்றார் கிராஃபர்ட். "இஷ்பெல், இப்ப நீங்க பேசலாம்."

"இல்ல," என்றாள் இஷ்பெல். "இல்ல... இல்ல... இல்ல."

கிராஃபர்ட் பெருமூச்சு விட்டார். "விமர்சனத்தை ஏத்துக்கற பக்குவம் வேணும். பசங்களுக்கு நாமதானே அதைச் சொல்லித் தர்றோம்?"

அவள் என் பக்கம் திரும்பினாள். வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது.

"அடப்பாவிங்களா, அவ வாயைப் பாருங்கடா!" என்று கத்தினேன்.

மூளையில் ரத்தக்குழாய் அடைப்பு, பக்கவாதம். கொஞ்சம் முன்னாடியே கொண்டுவந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றார் டாக்டர். அவர் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. வலது கை போயிற்று, பேச்சு போயிற்று. மிஞ்சியது 'இல்ல' என்ற ஒரு சொல். பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் விளக்கினாள்: நாம் சொல்வது பெரும்பாலும் அவளுக்குப் புரிகிறது, ஆனால் எதைச் சொல்ல வாயைத் திறந்தாலும் அந்தச் சொல்தான் வரும். டீ வேண்டுமா என்றால் 'இல்ல' என்பாள். இடது கையை நீட்டிக் கோப்பையை வாங்கிக் குடிப்பாள்.

சில வாரம் கழித்து மஞ்சள் டாஃபடில் பூக்களோடு கிராஃபர்ட் ஆஸ்பத்திரிக்கு வந்தார். கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டு என்னிடம் பேசினார். "இஷ்பெலால இனி வகுப்பெடுக்க முடியாது. உடம்பு முடியாம ஓய்வுன்னு போட்டா அவங்களுக்கும் கௌரவம். ஆள் குறைக்கற தலைவலியும் நமக்குத் தீர்ந்துடும்."

எனக்கு ரத்தம் கொதித்தது. "அவ இங்கதான்யா படுத்திருக்கா. நான் எதுக்கு நடுவுல? அவளைக் கேளுங்க."

அவர் குனிந்து, செவிடரிடம் பேசுவதுபோல் உரக்கக் கேட்டார். "இஷ்பெல், நீங்க ஓய்வு வாங்கிக்கறீங்களா?"

அவள் அவர் கண்ணையே பார்த்தாள். இடது கையை ஓங்கிப் பக்கத்து மேஜையில் அடித்தாள். பூ ஜாடி ஆடியது.

"இல்ல."

"கேட்டுச்சா?" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. "கேட்டுச்சா உங்களுக்கு?"

கிராஃபர்ட் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஷோனா, டீ வேணுமான்னு கேட்டாலும் அதைத்தானே சொல்றாங்களாம்?"

"இல்ல," என்றாள் இஷ்பெல். மறுபடி மேஜையில் அடித்தாள். "இல்ல. இல்ல."

அவள் கை ஓயும்வரை அவர் குறுக்கே பேசாமல் பொறுமையாகக் காத்திருந்தார். பிறகு கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"நன்றி, இஷ்பெல்," என்றார்.