எமதூதனுக்குத் தெரியாத பெயர்

"ரெண்டு பேரையும் பிரிச்சுடு" என்று பேராசிரியர் கிதியோன் சொன்னபோது ரவித் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இடப்பக்கம் பிராக் நகரத்து ரைஸெல், நஃப்தலியின் மகள், அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோத்தவள். 1680இல் கொள்ளைநோய் வந்த பிறகு கோத்தவர் பெயர் போடும் கடைசிப் பக்கம் எதிலும் அவள் பெயர் இல்லை. நோயில் செத்தாள் என்று கிதியோன் எழுதிப் பரிசும் வாங்கியாயிற்று. வலப்பக்கம் ஆம்ஸ்டர்டாமில் மூன்று வருடம் கழித்து முளைத்த ஹயா, நஃப்தலியின் மகள். அதே தொழில். பழைய அச்சுப் பக்கங்களை ஒப்பிட ரவித் எழுதிய கணினி நிரல் இருவரும் ஒருத்தியே என்றது.

எபிரேயத்தில் வரிக் கடைசியில் சொல்லை உடைக்க மாட்டார்கள். இடம் மிஞ்சினால் அடுத்த சொல்லின் முதல் எழுத்துகளால் நிரப்பிவிட்டு, அடுத்த வரியில் அதை முழுசாகக் கோப்பார்கள். ரைஸெல் மட்டும் எவ்வளவு சந்து இருந்தாலும் ஒற்றை எழுத்தோடு நிறுத்தி, மிச்சத்தை வெறுமையாக விட்டாள். ஹயாவும் அப்படியே விட்டாள்.

"பழக்கத்தை யாரும் யார்கிட்டயும் கத்துக்கலாம். கல்லெறிஞ்சா பத்து நஃப்தலி மேல விழும். மத்தியானக் கூட்டத்துல இதைக் காட்டினா, இந்தத் திட்டத்துல உனக்கு இதுதான் கடைசி நாள். ஒஃபாகிம்ல இப்படித்தான் அவசரப்படுவீங்களோ?"

அவள் ஊர்ப் பெயரை அவர் எப்போதும் வியாதியின் பெயரைச் சொல்வதுபோலச் சொல்வார். இஸ்ரேலின் தெற்கே இருக்கும் அந்தச் சிற்றூரில் பஸ் ஓட்டுகிறவரின் மகளான ரவித் பல்லைக் கடித்துக்கொண்டாள். கைபேசி அடித்தது. அம்மா.

"டாக்டரைப் பாக்காமலே வந்துட்டேன்டி. ஆஸ்பத்திரியில பேர் கூப்பிடுற அந்தப் பய என்னை சிம்ஹா, சிம்ஹான்னு கத்திக்கிட்டே இருக்கான்."

"உன் கார்டுல அதுதானேம்மா இருக்கு?"

"இருக்கட்டுமே! நான் சாகக் கிடந்தப்போ ரப்பி வந்து ஜெபம் பண்ணி, பேரை ஹயான்னு மாத்தினார்ல? பழைய பேருக்கு எழுந்து போனா, இவதானான்னு எமதூதன் கண்டுக்க மாட்டானா? அரும்பாடுபட்டு ஏமாத்தி வச்சிருக்கேன்."

ரவித்துக்கு வந்த சிரிப்பு பாதியில் நின்றது. ஹயா என்றால் உயிருள்ளவள். கொள்ளைநோயில் விழுந்து எழுந்தவளுக்கு வேறென்ன பெயர் வைத்திருப்பார்கள்?

பெரியப்பாவுக்கும் இப்படிப் பெயர் மாற்றினார்கள். ஆனால் கல்லறைக் கல்லில் இரண்டு பெயரையும் வெட்டினார்கள். செத்த பிறகு யாரிடம் ஒளிப்பது? ஆம்ஸ்டர்டாம் கல்லறைப் படங்களின் தொகுப்பைத் திறந்து, இதுவரை எவரும் சேர்த்துத் தேடாத அந்த இரண்டு பெயர்களையும் ஒன்றாகத் தட்டினாள். ஒரே ஒரு கல் வந்தது.

கூட்டத்தில் ரவித் அந்தக் கல்லைத் திரையில் காட்டியதும் கிதியோன் வெளுத்த முகத்தோடு எழுந்தார். "பேர் மாத்துற வழக்கம் எனக்கும் தெரியும்."

"தெரியும்ல? அப்புறம் எதுக்கு இத்தனை வருஷமா அவளைச் சாகடிச்சு வச்சிருந்தீங்க?" என்றாள் ரவித்.

பின்வரிசையில் யாரோ விசிலடித்தார்கள். அரங்கம் கைதட்டிச் சிரித்தது. கிதியோன் நின்றபடியே கல்லைப் படித்தார். பிறகு மெல்ல அவரும் கைதட்டினார். ரவித் திரும்பி, படத்தை இன்னும் பெரிதாக்கினாள்.

ஹயா ரைஸெல், நஃப்தலியின் மகள், எழுத்துக் கோத்தவள். நோய்க்குப் பிறகு முப்பத்தொரு வருடம் வாழ்ந்தவள். கீழே ஒரு வரியின் கடைசியில் அடுத்த சொல்லின் ஒற்றை எழுத்து. அதற்கப்புறம், பாசி ஏறிய வெறுங்கல்.