விட்டுக்கொடுத்த திங்கட்கிழமை

சிவநேசன் இடித்த இடியில் உரல் மேசை விளிம்புவரை நகர்ந்துவிட்டது. செத்தவீட்டில் சுண்ணம் இடிப்பது சடங்குக்குத்தான். உறவுக்காரர் வரிசையாக வந்து உலக்கையில் கை வைத்து இரண்டு போடு போட்டால் போதும். அவனோ போட்டுக்கொண்டே இருந்தான். மஞ்சள் தூள் பறந்து ஐயரின் வேட்டியில் விழுந்தது.

"தம்பி, மெதுவா," என்றார் ஐயர், பாட்டை நிறுத்தி. "அது இடிபட்டிட்டுது."

வியாழக்கிழமையிலிருந்து அவனுக்கு எதையாவது அடிக்க வேண்டும் போலிருந்தது. மனிதரை அடிக்க முடியாது. உரலை அடித்தால் யாரும் கேட்க மாட்டார்கள். பின்னால் நின்ற யாரோ தோளில் கை வைத்த பிறகுதான் உலக்கையை விட்டான். கண்ணாடிக் கதவுக்கு வெளியே, சுவிஸின் துன் நகர மயானத்துப் புல்லில் பனி திட்டுத் திட்டாகக் கிடந்தது.

பெட்டிக்குள் அவனுடைய அண்ணன் பாலசிங்கம் கிடந்தார். அறுபத்தொரு வயது. ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றின் குசினியில் முப்பத்துமூன்று வருடம் சமைத்து நின்றவர். உயிரோடு இருந்தபோது கோட் போட மாட்டேன் என்று நின்றவருக்கு இப்போது கோட்டும் கழுத்துப்பட்டியும் போட்டிருந்தார்கள். கோட்டுக்குள் பாதி ஆள்தான் இருந்தது. கணையத்தில் புற்றுநோய், எட்டு மாதம். இந்த எட்டு மாதமும் மனைவிக்குத் தெரியும், மகளுக்குத் தெரியும், ஹோட்டல்காரருக்குத் தெரியும், தமிழ்ச் சங்கத் தலைவருக்குக்கூடத் தெரியும். கூடப் பிறந்த தம்பிக்கு மட்டும் தெரியாது.

அதுவும் எப்படிப்பட்ட தம்பி? கிழமைக்கு ஒருதரம், திங்கட்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு, லாங்கன்தால் தொழிற்சாலையில் காலை ஷிஃப்ட் முடித்து வந்து காலணியைக் கழற்ற முதலே அண்ணனின் அழைப்பை எடுக்கிற தம்பி. ஒரு மணித்தியாலம் கதைப்பார்கள். பிள்ளைகள், வீடு, நோய்நொடி ஒன்றும் கிடையாது. ஒரே கதைதான். அமெரிக்கன் ஃபுட்பாலில் பந்தை எறிந்து அணியை நடத்துகிற குவாட்டர்பேக்குகளில் இதுவரை பிறந்தவர்களுக்குள் யார் பெரியவன்? ஜோ மொன்டானாவா, டொம் பிரேடியா?

கேட்கிறவருக்குச் சிரிப்பு வரும். இரண்டு பேரும் அந்தப் பந்தைக் கையால் தொட்டது கிடையாது. தொண்ணூறாம் ஆண்டு வந்து இறங்கியபோது அகதி முகாமில் முதல் மூன்று மாதம் வேலை செய்ய அனுமதி இல்லை. வெளியே முழங்கால் அளவு பனி. யாரோ தானமாகக் கொடுத்த பெட்டியில் ஒரேயொரு வீடியோ கசற் இருந்தது. சான் பிரான்சிஸ்கோ அணியின் இறுதிப்போட்டி. விதி ஒன்றும் தெரியாமல் அண்ணனும் தம்பியும் அதை நாற்பது தரமாவது பார்த்திருப்பார்கள். எல்லாரும் மோதி விழுகிறார்கள், ஒருவன் மட்டும் பந்தோடு பின்னுக்குப் போய், நின்று, பார்த்து, எறிகிறான். மூன்று நிமிடம் பத்து விநாடி மிச்சம் இருக்கும்போது தோற்கிற நிலையில் தொடங்கி, மைதானத்தின் ஒரு தொங்கலிலிருந்து மற்றத் தொங்கலுக்குப் பந்தைக் கொண்டுபோய் வென்றான் மொன்டானா. பாலசிங்கம் அன்றைக்குக் கட்சி சேர்ந்தவர்தான்.

சிவநேசனும் அதே கட்சியில்தான் இருந்தான். இரண்டாயிரத்து இரண்டில் பிரேடி என்றொரு பொடியன், அணிகள் புது ஆட்களைத் தெரிவு செய்தபோது நூற்றுத்தொண்ணூற்றெட்டுப் பேருக்குப் பிறகு எடுக்கப்பட்டவன், கிண்ணத்தைத் தூக்கினான். சிவநேசன் கட்சி மாறினான். அண்ணன் அதைத் துரோகம் என்றே எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து இருபத்துமூன்று வருடம் சண்டை. கலியாணம், காணிப் பிரச்சினை, அம்மாவின் செத்தவீடு எல்லாம் நடந்து முடிந்தும் அந்தச் சண்டைக்கு ஒருநாளும் லீவு கிடைக்கவில்லை.

தீபாவளிக்கு வருகிறேன் என்றான் சிவநேசன். ஹோட்டலில் கலியாணப் பார்ட்டி, வீட்டில் நிற்க மாட்டேன் என்றார் அண்ணன். பொங்கலுக்கும் ஹோட்டல். படத்தோடு கதைப்போம் என்றால் கமெரா உடைஞ்சுபோச்சு என்றார். எல்லாவற்றையும் நம்பினான். மடையன் மாதிரி நம்பினான். வியாழன் காலை தொழிற்சாலையில் நிற்கும்போது அண்ணன் மகள் பவதாரணி எடுத்து, "சித்தப்பா, அப்பா போயிட்டார்," என்றபோது மாரடைப்பாக்கும் என்றுதான் நினைத்தான்.

சடங்குக்கு இடையில் பெண்கள் வாய்க்கரிசிக்கு வரிசை கட்டத் தொடங்கினார்கள். அண்ணி சிவகலா முகம் கழுவவென்று பக்கத்து அறைக்குப் போவதைக் கண்டான். பின்னாலேயே போனான். மூன்று நாளாக அவளோடு ஒரு சொல் கதைக்கவில்லை. இனிக் கேட்காவிட்டால் எரித்துவிடுவார்கள், பிறகு கேட்டென்ன.

சின்ன அறை. குளிர்ந்துபோன கோப்பித் தட்டும் பூவளையங்களின் மட்டைப் பெட்டிகளும் கிடந்தன. சிவகலா கதிரையில் இருந்தாள். அவன் கதவைச் சாத்தினான்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

அவள் நிமிரவில்லை. அவர் வேண்டாம் என்றவர் என்றாள். அந்தப் பதிலைத்தான் வியாழக்கிழமையிலிருந்து எல்லாரும் அவனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஊரெல்லாம் தெரியலாம், எனக்குத் தெரியக்கூடாதோ, நான் என்ன வழியில் போனவனோ என்று கத்தினான். எட்டு மாதத்தில் முப்பது தரமாவது கதைத்திருப்பார், முப்பது மணித்தியாலம், அதில் ஒரு நிமிடம் கிடைக்கவில்லையா என்று கேட்டான். தன்னை ஒரு தம்பியாகவே அவர் எண்ணவில்லை, நேரம் போகக் கதைக்க ஓர் ஆள், அவ்வளவுதான் என்றான். அழுகையும் அவனுக்குக் கோபமாகத்தான் வந்தது.

சிவகலா அப்போதுதான் நிமிர்ந்தாள். அவள் கண்ணிலும் தண்ணீர் இல்லை.

"உங்களுக்கு மட்டுமோ கோவம்? எட்டு மாசம் தின்னுறதெல்லாம் சத்தி எடுக்கிறவரைத் தூக்கிப் பிடிச்சது நான். திங்கக்கிழமை வந்தாத்தான் அந்த மனிசன் சவரம் செய்யிறது. ரெண்டு மணிக்கே எழும்பி இருந்து, வடிவாக் குரல் வாறதுக்குச் சுடுதண்ணி வாங்கிக் குடிக்கிறது. உங்களோட கத்திப்போட்டு வந்துதான் ரெண்டு வாய் சோறு தின்னுறது."

சிவநேசன் சுவரோடு நின்றான்.

"சொல்லுவம் எண்டு எத்தினை தரம் கேட்டனான். சொன்னா நேசன் ஓடிவருவான், பக்கத்திலை இருந்து அழுவான், நான் சொல்லுறதுக்கெல்லாம் ஓமெண்டுவான், பிறகு நான் ஆரோட சண்டை பிடிக்கிறது எண்டு கேட்டார். எல்லாரும் என்னைச் செத்தவன் மாதிரிப் பாக்கினம், அவன் ஒருத்தன்தான் என்னைத் திட்டுறான் எண்டவர்."

பிறகு அவள் குரல் இறங்கியது. கடைசித் திங்கட்கிழமை என்ன சொன்னீர்கள் என்று கேட்டாள்.

அவனுக்கு உடனே ஞாபகம் வந்தது, வராமல் இருந்திருக்கலாம். பெப்ரவரியில் இறுதிப்போட்டிக்கு மறுநாள். கன்சாஸ் சிற்றி அணியின் இப்போதைய குவாட்டர்பேக் மஹோம்ஸுக்குப் படுதோல்வி. அண்ணனுக்கு அது கரும்பு. மஹோம்ஸும் தோற்றான், உன்ரை பிரேடியும் மூன்று இறுதிப்போட்டி தோற்றவன், தோற்காதவன் என்ரை ஆள் ஒருவன்தான் என்று தொடங்கியிருந்தார். குரல் கரகரத்தது, சளி, தடிமன் என்றார். சிவநேசனுக்கு மூன்றே முக்காலுக்குப் பல் வைத்தியரிடம் நேரம். பிந்திப் போனால் அந்த மனுசி வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவாள். சாவியைத் தேடிக்கொண்டே, கதையை முடிப்பதற்காக, இருபத்துமூன்று வருடத்தில் ஒருநாளும் சொல்லாததைச் சொன்னான். சரி அண்ணை, மொன்டானாதான், நீங்கள் வெண்டிட்டீங்கள்.

அந்தப் பக்கம் கோப்பை மேசையில் வைபடுகிற சத்தம் கேட்டது. பிறகு "ஓ," என்றார் அண்ணன். "சரி. வைக்கிறன்."

அடுத்த திங்கள் அழைப்பு வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. ஹோட்டலில் வேலை கூட இருக்கும் என்று நினைத்தான். ஒரு மணித்தியாலம் காலை நீட்டிப் படுக்கக் கிடைத்ததில் உள்ளுக்குள் சந்தோசமும் பட்டான்.

"போனை வைச்ச உடனை எங்களிலை பாய்ஞ்சார்," என்றாள் சிவகலா. "நேசனுக்கு ஆர் சொன்னதெண்டு. நானும் பவாவும் சத்தியம் பண்ணினம், கேக்கேல்லை. அவன் விட்டுக் குடுத்திட்டான், அப்ப நான் முடிஞ்சன் எண்டார். அதுக்குப் பிறகு சவரமும் இல்லை, சாப்பாடும் இல்லை."

"எனக்கு ஒண்டும் தெரியாது அண்ணி," என்றான் சிவநேசன். "பல்லு டொக்டரிட்டைப் போக வேண்டிக் கிடந்தது."

அவள் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடிப்பாள் என்று நினைத்தான். அடித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். பவதாரணி கதவைத் திறந்து, அம்மா, நேரம் போகுது என்றாள்.

மண்டபத்தில் இரங்கல் உரைகள் தொடங்கியிருந்தன. மயான ஊழியரான சுவிஸ்காரர் கதவடியில் கைகட்டி நின்றார். மண்டபத்தை வாடகைக்கு எடுத்திருந்த நேரத்தில் இன்னும் இருபது நிமிடம் மிச்சம். சங்கத் தலைவர் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, அன்னார் சிரித்த முகமுடையவர், அமைதியானவர், எவருக்கும் எதையும் விட்டுக்கொடுத்துப் போகும் பண்பாளர் என்று அடுக்கினார். எந்தச் செத்தவீட்டிலும் அவர் அதைத்தான் சொல்வார், ஆள் மட்டும் மாறும். பிறகு அன்னாரின் அன்புச் சகோதரரை இரண்டு வார்த்தை பேச அழைத்தார்.

சிவநேசன் ஒலிவாங்கியை வாங்கினான். கையில் இன்னும் மஞ்சள் ஒட்டியிருந்தது.

"தலைவர் சொன்னது பொய்," என்றான். "அண்ணை ஒருத்தருக்கும் ஒண்டையும் விட்டுக்குடுத்த ஆளில்லை."

முன்வரிசையில் யாரோ இருமினார்கள். அவன் சனத்துக்கு முதுகைக் காட்டிப் பெட்டியின் பக்கம் திரும்பிக்கொண்டான். இருபத்துமூன்று வருடம் இந்த மனிதர் பிழையான ஒரு கதையைக் கதைத்துக்கொண்டிருந்தார், செத்துப்போனார் என்பதற்காக அது சரியாகிவிடாது என்றான். அட்லாண்டாவோடு மூன்றுக்கு இருபத்தெட்டு என்று கிடந்த ஆட்டத்தைத் திருப்பியவன் யார் என்று கேட்டான். நாற்பத்துமூன்று வயதில் புது அணிக்குப் போயும் வென்றவன் யார் என்று கேட்டான். குரல் ஏறிக்கொண்டே போனது. கவலையில் மண்டை பிசகிவிட்டது என்று பின்னால் ஒரு கிழவர் சொன்னது அவனுக்கும் கேட்டது.

"நான் அண்டைக்குச் சொன்னது பொய் அண்ணை. அவசரத்திலை ஓடுப்பட்டுச் சொன்னது. உங்கடை வருத்தம் எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தாலும் விட்டிருக்க மாட்டன், விளங்குதோ? பிரேடிக்கு ஏழு கிண்ணம், மொன்டானாவுக்கு நாலு. ஏழு பெரிசோ, நாலு பெரிசோ? சொல்லுங்கோ பாப்பம்."

சொல்லிவிட்டு நின்றான். தொலைபேசியில் இந்த இடத்தில் அண்ணன் ஒரு வாய் தேத்தண்ணி குடிப்பார், பிறகுதான் தொடங்குவார். அவ்வளவு நேரம் நின்றான். அதற்கு மேலும் நின்றான். சங்கத் தலைவர் மெல்ல வந்து ஒலிவாங்கிக்குக் கை நீட்டினார். சிவநேசன் கொடுக்கவில்லை.

"நாலிலை ஒண்டும் தோக்கேல்லை," என்றது ஒரு குரல்.

சிவகலாதான். முன்வரிசைக் கதிரையில், யாரையும் பாராமல், கோபத்தோடு சொன்னாள். அவள் அந்த விளையாட்டை ஒருநாளும் இருந்து பார்த்தவள் இல்லை, திங்கட்கிழமைகளில் பக்கத்தில் நின்று அவர் கத்துவதைக் கேட்டதோடு சரி.

"நாலு இறுதிப்போட்டியிலை ஒரு பந்தையும் எதிரி கையிலை குடுக்கேல்லை," என்றாள்.

சிவநேசன் முகத்தைச் சட்டைக் கையில் துடைத்தான். மஞ்சள் கன்னத்தில் இழுபட்டது.

"இறுதிப்போட்டிக்குப் பத்துத் தரம் போனவன் மூண்டு தரம் தோப்பான்தானே அண்ணி."

கதவடியில் நின்ற ஊழியர் மணிக்கூட்டைப் பார்த்தார். சிவகலா சேலைத் தலைப்பை முகத்திலிருந்து எடுத்துவிட்டுக் கதிரையில் நிமிர்ந்து இருந்தாள். அதற்கும் அவளிடம் பதில் இருந்தது.