முதுகில் வைத்த கை

ஆகஸ்ட் மாத வெயிலில் நாங்கள் தொண்ணூறு பேர் ஹெல்மெட்டும் தோள் கவசமுமாக வெந்துகொண்டிருக்க, கேட்ரல் பூன் மட்டும் அரைக்கால் சட்டையில் மைதானத்து ஓரமாக நின்று சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தான். கேட்டால் முதுகு பிடித்திருக்கிறதாம். பயிற்சி முகாமுக்கே வராவிட்டால் ஒரு நாளைக்கு நாற்பதாயிரம் டாலர் அபராதம். வந்து நின்று வலி என்று சொல்லிவிட்டால் அபராதம் கிடையாது. எங்கள் லீக்கில் புது ஒப்பந்தம் கேட்கிறவர்களுக்கெல்லாம் இந்த மாதத்தில் வரும் வலி இது. கையெழுத்தானால் அன்று சாயங்காலமே சரியாகிவிடும்.

கேட்ரல் எங்கள் டொலிடோ ஹெரான்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் ரன்னிங் பேக். பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பதினொரு தடியர்கள் மேலே விழுவதற்காகக் காத்திருக்கும் இடத்துக்குள் புகுந்து ஓடுவது அவன் பிழைப்பு. வயது இருபத்தாறு. இந்தப் பிழைப்பில் இருபத்தெட்டு என்றாலே கிழம். முதன்முதலாக வந்தபோது போட்ட மலிவான நான்காண்டு ஒப்பந்தத்துக்கு இது கடைசி வருஷம். இப்போது அவன் கேட்பது இன்னும் நான்கு வருஷத்துக்கு ஐம்பத்திரண்டு மில்லியன். இந்த மாதம் கிடைக்காவிட்டால் இந்த ஜன்மத்தில் கிடைக்காது என்பது அவனுக்கும் தெரியும், அணியின் ஆபீசுக்கும் தெரியும்.

நான் ஸ்டான் வோய்டா. முன்வரிசையில் இடப்பக்கம், நூற்று நாற்பத்திரண்டு கிலோ, வயது முப்பத்தொன்று. அவனுக்கு வழி திறந்து விடுவது என் வேலை. எங்கள் இருவருக்கென்றே ஓர் ஆட்டம் உண்டு. பந்து கிளம்பியதும் நான் வரிசையை விட்டு விலகி வலப்பக்கமாக ஓடுவேன். கேட்ரல் என் முதுகில் ஒரு கையை வைத்தபடி ஒட்டிக்கொண்டே வருவான். முதலில் வருகிறவனை நான் சாய்த்ததும், கையை எடுத்துவிட்டு அந்தச் சந்துக்குள் பாய்வான். திரும்பிப் பார்க்க நேரமே இருக்காது. அந்தக் கையை வைத்துத்தான் அவன் எங்கே இருக்கிறான், எப்படி இருக்கிறான் என்று எனக்குத் தெரியும். மூன்று சீசன்களில் என் மனைவி ரோக்ஸேனின் கையைவிட அவன் கை எனக்குப் பழகிவிட்டது. இதை அவளிடம் சொன்னதில்லை.

போன சீசனில் டிசம்பரிலிருந்து அந்தக் கை பாரமாகியிருந்தது. நவம்பரில் அவன் இடது முட்டியில் ஒருவன் தலையைக் கொடுத்து மோதியிருந்தான். ஒன்றுமில்லை என்று எழுந்து வந்தான். காயப்பட்டோர் பட்டியலில் ஒரு வாரம்கூடப் பெயர் வரவில்லை. எனக்கு அப்போதே சந்தேகம். இப்போது முதுகுவலி என்று நின்றதும் சந்தேகம் முற்றிவிட்டது. பொய் வலிக்கு அடியில் நிஜ வலி ஒன்றை ஒளித்து வைத்திருக்கிறானோ என்று அவன் படியேறுவதைப் பார்த்தேன், வண்டியில் எந்தக் காலை முதலில் வைக்கிறான் என்று பார்த்தேன்.

"என்ன பெருசு, என் காலையே பாத்துட்டிருக்க? ஷூ வேணுமா?" என்றான் ஒரு நாள்.

"உன் ஷூ என் கட்டை விரலுக்குக்கூடப் பத்தாதுடா" என்றேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் முன்வரிசைக்காரர்கள் ஒன்றாகச் சாப்பிடுவது எங்கள் வழக்கம். ரன்னிங் பேக்கையும் கூப்பிடுவோம், பில் அவன் தலையில் விழும். அந்த வாரமும் வந்தான். மாட்டிறைச்சித் துண்டத்தை அறுத்துக்கொண்டே நான் ஆரம்பித்தேன்.

"ஐம்பத்திரண்டு மில்லியன் ரொம்ப ஓவர்டா. வழிய வெட்டிக் குடுக்கறது நாங்க. அதுல எங்க அத்தை ஓடினாலும் நாலு கஜம் ஓடுவா."

"உங்க அத்தைய நான் பாத்திருக்கேன், அஞ்சு கஜம் ஓடுவாங்க" என்றான் வரிசையின் நடுவில் ஆடும் டூயி.

"அத்தைக்கு ஏஜென்ட் யாருன்னு கேட்டுச் சொல்லு" என்றான் கேட்ரல். எல்லோரும் சிரித்தோம். பிறகு அவன் சிரிக்காமல் சொன்னான். "வருஷத்துக்கு முந்நூறு தடவ என்னைத் தூக்கிப் போட்டு மிதிக்கறானுங்க பெருசு. முப்பது வயசுல எனக்குக் குனிஞ்சு ஷூ லேஸ் கட்ட வருமான்னே தெரியாது. அதுக்குக் கூலி வேணாமா?"

"இருக்கறது ஒரே பானைடா. ஒரு அணி மொத்தமா இவ்வளவுதான் சம்பளம் குடுக்கலாம்னு லீக் உச்சவரம்பு வெச்சிருக்கு. நீ ரெண்டு கரண்டி அதிகமா அள்ளினா என் தட்டுல குறையும். எனக்கும் ஒப்பந்தத்துல இதுதான் கடைசி வருஷம், தெரியுமில்ல?"

"இது ஆபீஸ் கத்துக் குடுத்த பாட்டு. பானை அவங்களோடது. அவங்க யாராவது தட்டத் தூக்கிட்டு நம்மகூட வரிசைல நிக்கறாங்களா?"

நான் இறைச்சியை இன்னும் வேகமாக அறுத்தேன். அவன் சொன்னது சரி என்று பட்டதால் கோபம் வந்தது.

மறுநாள் காலை மேனேஜர் சால்ட்டர் என்னை மாடிக்குக் கூப்பிட்டார். இவர்தான் யாருக்கு எவ்வளவு என்று முடிவு செய்கிறவர். உட்காரச் சொல்லி சோடா கொடுத்தார். அவர் சோடா கொடுத்தாலே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

"முட்டியெல்லாம் எப்படி இருக்கு ஸ்டான்?"

"யாரோட முட்டி சார்? என்னோடதா, அவனோடதா?"

சிரித்தார். "உங்களுக்கு ரெண்டு வருஷம் நீட்டிக் குடுக்கலாம்னு இருக்கோம். ஆனா கேட்ரல் கேக்கறதக் குடுத்துட்டா அதுக்கு இடம் இருக்காது. உங்களுக்குப் புரியும்." ஜன்னல் வழியாக மைதானத்தைப் பார்த்தபடி தொடர்ந்தார். "அவன் முட்டிய ஸ்கேன் எடுத்ததுல ஒண்ணும் தெரியல. ஆனா அவன் கை உங்க முதுகுலதானே இருந்துச்சு. ஏதாவது மாறியிருக்கா?"

அங்கேயே எழுந்து வந்திருக்க வேண்டும். வரவில்லை. உண்மையைத்தானே சொல்லப் போகிறோம், இதில் என்ன துரோகம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இரண்டு பிள்ளைகளும் வீட்டுக் கடனும் அந்தச் சமாதானத்துக்குத் துணையாக நின்றன.

"டிசம்பர்லேர்ந்து கை கொஞ்சம் பாரமா இருந்துச்சு சார். ஓடறப்ப என் மேல சாயறான்னு நெனைக்கறேன்."

அவர் பேனாவைத் தொடவே இல்லை. எழுதிக்கொள்ளாமல் கேட்கிற ஆளைப் பார்த்தால் எனக்குப் பயம்.

திங்கட்கிழமை கேட்ரலையும் அவன் ஏஜென்டையும் உட்கார வைத்துப் பேசினார்கள். பேச்சு முறிந்துவிட்டது என்று அன்றே செய்தி வந்தது. புதன்கிழமை என் ஒப்பந்தம் தயாராக இருந்தது. இரண்டு வருஷம், பதினெட்டு மில்லியன். கையெழுத்துப் போட்டேன். ரோக்ஸேன் சமையலறையில் நின்று அழுதாள். சந்தோஷமாகத்தான் இருந்தது, இல்லையென்றால் பொய். ஆனால் கேட்ரல் வந்து வாழ்த்துச் சொல்லிக் கட்டிப்பிடித்தபோது அவன் கண்ணைப் பார்க்க முடியவில்லை. இவன் எதற்காக இவ்வளவு நல்லவனாக இருக்கிறான், தெரிந்துகொண்டு நடிக்கிறானோ என்று அதிலும் சந்தேகப்பட்டேன்.

அவன் இன்னும் ஓரமாகவே நின்றதால் ட்ரே மோஸ் என்ற வேலையில்லாத ரன்னிங் பேக் ஒருவனைக் கொண்டுவந்து எங்கள் ஆட்டத்தில் விட்டார்கள். முதல் தடவை என் முதுகில் வந்து முட்டினான். இரண்டாம் தடவையும் முட்டினான். மூன்றாம் தடவை இருவருமாகக் குப்புற விழுந்தோம்.

"காத்திருந்து ஓடத் தெரியாதாடா உனக்கு?" என்று கத்தினேன்.

"நான் காத்துட்டுத்தாண்ணே இருந்தேன். நீங்க இன்னும் கிளம்பவே இல்ல" என்றான். பையன் கிண்டல் செய்யவில்லை. அதுதான் சுருக்கென்றது.

முன்வரிசைக் கோச் ஹட்சின்ஸ் என்னை வீடியோ அறைக்குக் கூட்டிப்போனார். போன டிசம்பர் ஆட்டம் ஒன்றைப் போட்டு, நான் வலப்பக்கம் திரும்புகிற இடத்தில் நிறுத்தினார்.

"அவன் கையப் பாரு."

பார்த்தேன். சாய்கிறவனுக்கு முழங்கை மடங்கும், உடம்பு முன்னால் வரும். கேட்ரலின் கை கம்பு போல நீட்டி இருந்தது. அவன் பின்னங்கால் மண்ணில் ஊன்றி நின்றது. கோச் ஒவ்வொரு படமாக நகர்த்தினார். ஒவ்வொரு அடிக்கும் அவன் என்னைத் தள்ளிக்கொண்டிருந்தான், பேட்டரி செத்த வண்டியைத் தள்ளுவது போல. கோச் டிசம்பர் முழுக்கப் போட்டார். எல்லாவற்றிலும் அப்படியே. சாய்ந்தது அவன் இல்லை. தளர்ந்தது நான். சந்துக்கு நேரத்தில் போய்ச் சேர்ந்துகொண்டே இருந்ததால் எனக்குத் தெரியவில்லை.

நேராக உடை மாற்றும் அறைக்குப் போனேன். கேட்ரல் ஸ்டூலில் உட்கார்ந்து கணுக்காலுக்குப் பட்டி சுற்றிக்கொண்டிருந்தான். முறிந்துபோன பேச்சுக்காக இனி ஓரமாக நின்று பயனில்லை, பழைய சம்பளத்துக்கே ஆட இறங்குகிறான் என்று அதைப் பார்த்ததும் புரிந்தது.

"நீ என்னைத் தள்ளினியாடா?"

"இப்பத்தான் தெரிஞ்சுதா?"

"ஏன்டா சொல்லல?"

"என்னன்னு சொல்றது? நீ லேட்டா போனா உன்ன உக்கார வெச்சுருவானுங்க. உன் எடத்துக்கு வர்றவன நம்பி நான் எப்படி ஓடறது?"

பக்கத்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "சால்ட்டர் உன்கிட்ட ஏதாவது…"

"கேட்டாரு. 'வோய்டா மேல சாயறியாமே, முட்டி போயிருச்சா'ன்னு கேட்டாரு. ஏஜென்ட் முன்னாடியே."

அப்படியானால் திங்கட்கிழமையிலிருந்தே அவனுக்குத் தெரியும். தெரிந்துதான் புதன்கிழமை என்னைக் கட்டிப்பிடித்திருக்கிறான்.

"அங்கயே வீடியோவக் காட்டியிருக்க வேண்டியதுதானேடா. ஐம்பத்திரண்டு மில்லியன்டா."

"காட்டியிருந்தா உன் காகிதத்த அங்கயே கிழிச்சுப் போட்டுருப்பாரு. நீ அப்ப கையெழுத்துப் போடல. புதன்கிழமை வரைக்கும் வாய மூடிட்டு இருப்போம்னு இருந்தேன்."

"இப்பத்தான் போட்டாச்சே. போடா, இப்பப் போய்க் காட்டு. நானும் வர்றேன். நான் சொன்னது தப்புன்னு நானே சொல்றேன்."

அவன் பட்டியைப் பல்லால் கடித்து அறுத்தான்.

"நேத்தே போய்க் காட்டினேன் பெருசு. நல்லாப் பாத்தாரு. முட்டில ஒரு குறையும் இல்லன்னு அவரே சொன்னாரு. ஆனா எனக்குக் குடுக்க இப்ப எடம் இல்லையாம். இருந்தத உனக்குக் குடுத்துட்டாங்களாம்."

சொல்லிவிட்டு ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனான். என்னைத் திட்டியிருக்கலாம், ஓங்கி ஒன்று விட்டிருக்கலாம். ஒன்றும் செய்யவில்லை.