புதன்கிழமைத் தட்டு

திங்கட்கிழமை கழிவுக்கு வந்த ஆய்வுத் தட்டின் மூடியில் இருந்ததை அவள் எழுத்துக்கூட்டிப் படித்தாள். "செடி ஏழு. கட்டி." நாற்பத்தைந்து வயதில் எழுத்து கற்றவள்; கண்ணில் பட்டதைப் படிக்காமல் விட மனசு வராது. ஆய்வுக்கூடத்தில் குப்பி கழுவுவது அவள் பிழைப்பு. ஆராய்ச்சிக்காரப் பெண் அன்று அவளை நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னாள். யாரோ ஒருவரின் கட்டியிலிருந்து எடுத்து வளர்த்த செல்கள் சுருங்கி உதிர்ந்து கிடந்தன.

"ஏழாம் செடிச் சாறு ஒண்ணைக்கூட விடலக்கா."

அன்று முழுக்கக் கை தொட்டித் தண்ணீரில் இருந்தது, மனசு வீட்டுக்காரரின் கழுத்தில் இருந்தது. அங்கே கோலிக்குண்டு அளவு கட்டி. மருந்து ஏற்ற அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். வரவே மாட்டேன் என்று மல்லுக்கு நின்றார் மனிதர். செவ்வாய் சாயங்காலம், கட்டடத்துக்குப் பின்னால் ஏழு என்று எழுதிக் குச்சி நட்டிருந்த செடியில் ஒரு கைப்பிடி பறித்து மடியில் கட்டிக்கொண்டாள். மறுநாள் காலை அவரிடம், "அரைச்சு வையுங்க, நான் வந்ததும் குடிக்கலாம்" என்று சொல்லிவிட்டு வேலைக்கு வந்தாள்.

அன்று இன்னொரு தட்டு வந்தது. "செடி ஏழு. நல்ல செல்."

"என்னம்மா, திரும்பவும் ஏழா?"

"நல்ல செல் மெதுவாத்தான் வளரும்க்கா. அதான் ரெண்டு நாள் பிந்திப் பார்ப்போம். நீங்களே பாருங்க."

குனிந்தாள். இங்கேயும் அதே உதிர்வு.

"நல்லதையுமா கொன்னுச்சு? எது நல்லது எது கெட்டதுன்னு இலைக்கு எப்படிம்மா தெரியும்?"

"அது தெரிஞ்ச இலையைத்தான் ஆறு வருஷமா தேடிட்டிருக்கேன்."

வீட்டுக்குப் போன் போட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. பாதி வேலையில் சொல்லிக்கொண்டு ஓடினாள்.

அவர் பச்சைச் சாறு இருந்த கண்ணாடித் தம்ளரை மோந்து பார்த்துக்கொண்டிருந்தார். "உன் பேச்சைவிடக் கசக்கும்போல. நீ வரட்டும்னுதான் வெச்சிருக்கேன்."

வாங்கிக்கொண்டாள். மூச்சு நிதானப்பட நேரமாயிற்று. "இதுக்கு நல்லவன் கெட்டவன் தெரியாதாம்."

"அப்போ உங்க அண்ணன் மாதிரி." கழுத்தைத் தடவினார். "ஆஸ்பத்திரி மருந்துக்கு மட்டும் தெரியுமா?"

அவளுக்கும் அது தெரியவில்லை. "போய்க் கேட்போம். ரெண்டு பேருமா."

அவர் மாட்டேன் என்று சொல்லவில்லை. அவள் ஒரு துண்டுக் காகிதம் கிழித்து, கோணல் எழுத்தில் "ஏழு. குடிக்கக் கூடாது" என்று எழுதித் தம்ளரில் ஒட்டி, வெளிச்சம் விழும் ஜன்னலில் வைத்தாள். பச்சை மெல்ல மெல்ல அடியில் படிந்தது. மேலே தெளிந்துகொண்டே வந்த தண்ணீரை இரண்டு பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.