மக்காத பேச்சு

மருந்தடிப்பவரின் வீட்டில் மூன்று வருடமாக எதுவும் அழுகவில்லை. ஊரெல்லாம் கரப்பானுக்கும் கரையானுக்கும் மருந்தடித்துப் பிழைப்பவர் வீட்டிலேயே ஒரு கரப்பான் ஓடியதைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரி சிரித்துவிட்டாள். அந்த ரோஷத்தில் அவர் சாக்கடைக்கு அடிக்கும் மருந்தை இரண்டு பங்காகக் கலந்து, சுவர் விரிசல்வரை விட்டுவைக்காமல் அடித்தார். கரப்பானும் எறும்பும் செத்தன. தின்ன எதுவும் கிடைக்காமல் பல்லிகள் வெளியேறின. கண்ணுக்குத் தெரியாத பூஞ்சைகூட மிஞ்சவில்லை. குப்பைக்கூடையில் வாழைப்பழத்தோல் மஞ்சள் மாறாமல் கிடந்தது; உறை ஊற்றினாலும் பால் தயிராகவில்லை. இதெல்லாம் பரவாயில்லை. மருந்தடித்த அன்று சாயங்காலம், நெடியில் தலை வலிக்கிறது என்று முணுமுணுத்த மனைவியிடம் அவர் சொன்னார்: "நீ இருந்தா என்ன, போனா என்ன." எல்லா வீட்டிலும் சொல்வதுதான், நாலு நாளில் மக்கிவிடும். இங்கே அதைத் தின்ன ஆளில்லை. அடுப்புக்கும் குழாய்க்கும் நடுவே, நெற்றி உயரத்தில் அந்தப் பேச்சு அப்படியே நின்றுவிட்டது.

மனைவி குனிந்து போய்க் குனிந்து வந்தாள். அவர் மன்னிப்புக் கேட்டார். அதுவும் மக்காமல் பக்கத்தில் நின்று இடத்தை அடைத்தது. மூன்றாம் வருடம் சாப்பிட வந்த மச்சினன் மண்டையை இடித்துக்கொண்டு, "என்ன மாமா, நடுவுல உத்தரம் போட்டு வெச்சிருக்கீங்க?" என்றான். தடவிப் பார்த்து அது என்ன பேச்சு என்று தெரிந்ததும் அவன் சிரிப்பு நின்றது. "அக்கா, பெட்டியக் கட்டு."

"கழுத்து வலிக்குதுடா. அடுத்த மாசம் வந்து கூட்டிட்டுப் போ" என்றாள் அவள், யாரையும் பார்க்காமல்.

மறுநாள் மருந்தடிப்பவர் காய்கறிச் சந்தையின் குப்பைமேட்டிலிருந்து இரண்டு வாளி மக்கிய மண்ணை அள்ளிவந்து அடுப்படியில் கொட்டினார்.

"இதையும் நான்தான் கூட்டணுமா?"

"கூட்டாத. கெடக்கட்டும்."

முதலில் பழத்தோல் கறுத்தது. பிறகு பால் திரிந்தது. அவள் அவரை வாய்க்கு வந்தபடி திட்டினாள், அந்தத் திட்டு விடிவதற்குள் காணாமல்போனது. எறும்புகள் வந்தன. மன்னிப்பைத்தான் முதலில் தின்று தீர்த்தன, அது மெத்தென்று இருந்தது. மற்றதன்மேல் வெள்ளையாகப் பூஞ்சை பூத்தது, கரப்பான்கள் ஓரத்தை அரித்தன, கரப்பானைத் தேடிப் பல்லிகள் திரும்பின. மச்சினன் பெட்டி தூக்க வந்த அன்று அந்த இடத்தில் கொஞ்சம் தூள்தான் இருந்தது. அவள் அதைத் துடைப்பத்தால் தள்ளிவிட்டு, "சாப்பிட்டுட்டுக் கெளம்புடா" என்று அவனுக்கு மட்டும் தட்டு வைத்தாள். மூன்று வருடம் குனிந்து விழுந்த கூன் போகவில்லை, இன்னமும் அங்கே குனிந்துதான் நடக்கிறாள். மண்ணிலிருந்து ஒரு கரப்பான் புறப்பட்டு வந்தது. மருந்தடிப்பவர் காலைத் தூக்கி வழிவிட்டார்.