வெட்டிய படத்தில் மிஞ்சிய கை

அந்த மழைக்காலம் முழுவதும் தையல்காரர் வீட்டுக்கு வெளியே இருந்தார். அவருடைய வலது கை மட்டும் வீட்டுக்குள் இருந்தது. காரணம் ஒரு குடும்பப் படம். தெருமுனை ஸ்டுடியோவை அப்போதுதான் எடுத்து நடத்தத் தொடங்கியிருந்த அம்மாள், கணினியில் படம் திருத்தப் பழகிக்கொண்டிருந்தாள். முதலில் வெளிச்சத்தைக் கூட்டக் கற்று, வங்கிக் காசாளரின் பாஸ்போர்ட் படத்தில் தாராளமாகவே கூட்டிவிட்டாள். அதன்பின் மின்சாரம் போனாலும் வங்கியில் வேலை நிற்கவில்லை. காசாளரைச் சுற்றி உட்கார்ந்து எழுதினார்கள்.

அடுத்து, வேண்டாததை வெட்டுவது. அந்த நேரம் பார்த்துத் தையல்காரரின் மனைவி வந்தாள். அவளுடைய தங்கை வீட்டு விசேஷத்துக்குத் தையல்காரர் தன் அக்கா, அக்கா மகள், எதிர்வீட்டுக்காரி எல்லோருக்கும் தைத்துக் கொடுத்துவிட்டு, மனைவியின் துணியை மட்டும் பிரிக்காமலே வைத்திருந்தார். அங்கே எடுத்த படத்தில் அவள் பழைய உடையில் நின்றாள்.

“ஊருக்கெல்லாம் தைப்பாரு, எனக்குன்னா நாளைக்கும்பாரு. இவரை வெட்டி விட்டுருங்கக்கா. நானும் பொண்ணும் போதும்.”

ஓரத்தில் நின்றவரை வெட்டுவது சுலபம். ஆனால் அவர் கை மகளின் தோள்மேல் கிடந்தது. அதைக் கவனிக்காத அளவுக்கு அம்மாள் புதியவள். அன்று சாயங்காலம் தையல்காரர் வாசற்படியில் கால் வைத்தார். அடுத்த நொடி வீட்டுக்குப் பின்னால் சந்தில் நின்றார். ஜன்னலில் ஏறிப் பார்த்தும் அதே கதை. கடையிலேயே படுத்து, இடது கையால் தைத்தார். காலர்கள் கோணிப்போயின, அதைப் புது மோஸ்தர் என்று கேட்டு வாங்கியவர்களும் உண்டு.

வீட்டில் மகளின் தோள்மேலேயே தங்கிவிட்ட கை அவளுக்குப் பொத்தான் தைத்தது, சாப்பாட்டு வேளையில் இன்னும் கொஞ்சம் போடச் சொல்லி நீண்டது, வாய் இல்லாதது நினைவுக்கு வந்ததும் மடங்கிக்கொண்டது. மனைவி அதனோடு பேசவில்லை. ஒருநாள் அது அந்தத் துணியைத் தேடி எடுத்து வெட்டித் தைத்து முடித்தது. அளவு அச்சாக இருந்தது. அவள் உடுத்திக்கொண்டு கண்ணாடி முன் வெகுநேரம் நின்றாள். நன்றாக இருக்கிறது என்று சொல்லக் கைக்கு வழியில்லை.

அழுதுகொண்டே ஸ்டுடியோவுக்கு ஓடினாள். “அவரைத் திரும்ப ஒட்டிருங்கக்கா.”

“பழைய படத்தை எடுத்து வைக்கலையேம்மா. வெட்டினது மேலயே சேமிச்சுட்டேன்.”

கல்யாணமான புதிதில் கடற்கரையில் எடுத்த படம் ஒன்று இருந்தது. அம்மாள் அதிலிருந்து அவரைப் பிரித்து ஒட்டி, ஓரங்களை மென்மையாக்கினாள். அளவுதான் கொஞ்சம் பெரிதாகிவிட்டது. தையல்காரர் இரண்டு கையோடும் வாசல் நிலையில் தலை இடித்துக்கொண்டு உள்ளே வந்தார். காற்றே இல்லாத கூடத்தில் அவர் முடி பறந்துகொண்டிருந்தது. மனைவியை ஏற இறங்கப் பார்த்தார்.

“நல்லாயிருக்கே! யாரு தைச்சது?”

“உங்க கைதான்” என்று மகளின் தோளைக் காட்டினாள்.

மிஞ்சிய கையை ஒரே தேய்ப்பில் அழித்துவிடலாம் என்றாள் பார்க்க வந்த அம்மாள்.

“இருந்துட்டுப் போகட்டும்க்கா” என்றாள் மனைவி. “இவரு போனப்ப அது போகலையே.”

இப்போதெல்லாம் தையல்காரர் மகளுக்கு எந்த உடை தைத்தாலும் ஒரு தோளில் மட்டும் இரட்டைத் துணி வைத்துத் தைக்கிறார்.