வழக்கு உண்டு

வேலையில் சேர ஓசூர் கம்பெனி கொடுத்த போலீஸ் சரிபார்ப்புப் படிவத்தில் ஒரு கேள்வியைப் பார்த்ததும் ஸ்டெஃபிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ‘உங்கள் மீது வழக்கு ஏதேனும் உண்டா?’

உண்டு. போன வருஷம் காரிமங்கலம் பஸ்ஸில் இடுப்பைக் கிள்ளியவனை டிபன் பாக்ஸால் அடித்தாள். அவனுக்கு நெற்றியில் மூன்று தையல். அவன் புகார் கொடுத்தான். பொம்பளைப் பிள்ளை பேர் வெளியே வரக்கூடாது என்று அப்பா வியாகுலம் இவளைப் புகார் கொடுக்க விடவில்லை.

“இல்லைன்னு எழுதிடும்மா. யாரு பாக்கப் போறாங்க?” என்றார் இப்போது.

“பாக்கறதுக்குத்தான் ஃபாரமே குடுத்திருக்காங்க.”

உண்டு என்று எழுதி, அடியில் நடந்ததையும் நான்கு வரியில் எழுதினாள்.

மூன்றாம் நாள் கம்பெனியிலிருந்து போன் வந்தது. “கேஸ் முடியட்டுங்க, அப்புறம் பாக்கலாம்.”

ஸ்டெஃபி அதே நான்கு வரியை வெள்ளைத்தாளில் புகாராக எழுதிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனாள். அப்பாவும் பின்னாலேயே வந்தார்.

“ஒரு வருஷம் கழிச்சா வர்ற?” என்றார் ஏட்டு.

“இப்பத்தான் வர முடிஞ்சுதுங்க. வாங்கிக்கிட்டு ரசீது குடுங்க.”

இரண்டு மணி நேரம் அவள் நாற்காலியை விட்டு எழவில்லை. கடைசியில் ரசீது கிடைத்தது.

“வேலை போயிடுச்சேம்மா” என்றார் அப்பா, வாசலில்.

“வேற தேடிக்கறேன். நீங்க அன்னைக்கே என்னைப் புகார் குடுக்க விட்டிருக்கணுங்கப்பா.”

வியாகுலம் தலையைக் குனிந்துகொண்டார். அவள் அவருக்காக நிற்காமல் நடந்தாள்.